அவள் வீட்டுச் சாப்பாடு

மார்ச் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என் மகளைப் பற்றித்தான் விசாரிப்பு. "நல்லா இருக்கா" என்றேன். நன்றாகத்தான் இருக்கிறாள். "எப்போ கல்யாணம்?" என்று அடுத்த கேள்வி வருவதற்குள் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மார்ச் 2, திங்கள்

இன்னும் பதில் அனுப்பவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

அந்தச் செய்தியை மறுபடியும் எடுத்துப் படித்தேன். "அம்மா, புது வீட்டுக்கு ஒரு தடவை வாங்க. நாங்க ரெண்டு பேரும் சமைக்கிறோம். அப்பாவும் வரணும். எதுவும் பேச வேண்டாம், சாப்பிட்டுட்டுப் போங்க."

எதுவும் பேச வேண்டாமாம். நான் பேசிவிடுவேன் என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் என்னை அழைக்கிறாள்.

"நாங்க ரெண்டு பேரும்." இதை எத்தனை சாதாரணமாக எழுதியிருக்கிறாள்! மணமுடிக்காமல் ஒரே வீட்டில் இருப்பது அவளுடைய தோழிகளுக்கும் அலுவலகத்தில் உள்ளவர்களுக்கும் ஒரு செய்தியே இல்லை. வாடகைக்கு வீடு பிடிப்பதைப் போல ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். "இப்பல்லாம் யாரும்மா இதைப் பெருசா நினைக்கிறாங்க?" என்று போன தடவை கேட்டாள். நான் நினைக்கிறேன். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் தொடங்கிய ஒன்றை, இயேசு மத்தேயு 19-ல் எடுத்துச் சொல்லி உறுதிப்படுத்திய ஒன்றை, நான் பெரிதாகத்தான் நினைக்கிறேன். விவாகம் தேவனுக்கு முன்பாகச் செய்யும் உடன்படிக்கை. அதற்கு முந்திய பரீட்சைக் காலம் என்று ஒன்று வேதத்தில் எங்கும் இல்லை. இதில் நான் மாறவில்லை, மாறவும் முடியாது.

ஆனால் கேள்வி அது இல்லையே. போய்ச் சாப்பிடுவதா, வேண்டாமா?

மார்ச் 4, புதன்

பெரியவன் போன் செய்தான். தங்கைக்காகப் பேச வந்தவன் சபைச் சரித்திரத்துக்குள் போய்விட்டான். 1908-லும் 1920-லும் லாம்பெத் மாநாட்டில் கருத்தடை கூடாது என்று சொன்ன ஆங்கிலிக்கன் பேராயர்கள், 1930-ல் சில நிபந்தனைகளோடு ஆகட்டும் என்றார்கள். "அன்னைக்கு அது உலகத்தோட ஒத்துப்போறதா தெரிஞ்சுது. இன்னைக்கு உங்க சபையில யாராவது அதைப் பத்தி வாயைத் திறக்கிறாங்களா?" என்றான். அப்புறம் அடிமை வியாபாரம். 1845-ல் அமெரிக்காவின் தென்னக பாப்டிஸ்டுகள் தனியாகப் பிரிந்ததே, அடிமைகளை வைத்திருப்பவன் மிஷனரியாகலாமா என்ற சண்டையில்தான். மன்னிப்புக் கேட்டது 1995-ல். "அவங்களும் வேதத்தைக் கையில வெச்சிருந்தவங்கதாம்மா."

வெச்சிருந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வில்பர்ஃபோர்ஸின் கையில் இருந்ததும் அதே வேதம். 1807-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் தோற்றுத் தோற்று நின்றவர் அவர். அவருடைய காலத்துக் கலாசாரம் அடிமைத்தனத்தின் பக்கம் இருந்தது, அவர் எதிர்ப்பக்கம் இருந்தார். ஆகவே 'பழையது' என்பதனால் ஒன்று சரியாகிவிடாது, 'புதியது' என்பதனாலும் சரியாகிவிடாது. வசனம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் வேலை. மனிதனைத் திருடி விற்றவனை யாத்திராகமம் 21:16 மரணதண்டனைக்கு உட்படுத்துகிறது. அடிமை வியாபாரிகள் அந்த வசனத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. விவாகத்தைப் பற்றிச் சொல்ல அப்படித் தாண்டிப்போக எனக்கு ஒரு வசனமும் இல்லை.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். கடைசியில், "சரிம்மா, சாப்பிடப் போவீங்களா மாட்டீங்களா?" என்றான்.

மார்ச் 7, சனி

நாளைக்கு ஓய்வுநாள் பள்ளியில் தானியேல் முதலாம் அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவனின் கதை. வருஷா வருஷம் எடுக்கிற பாடம். இந்தத் தடவை கை ஓடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பெரிய பிள்ளைகளின் வகுப்பில், கடைசி வரிசைப் பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, தானியேலுக்குப் பெல்தெஷாத்சார்னு பேர் மாத்தினாங்க, சரின்னுட்டான். கல்தேயரோட பாஷையையும் எழுத்தையும் படிக்கச் சொன்னாங்க, படிச்சான். சாப்பாட்டை மட்டும் ஏன் வேண்டாம்னான்?"

பெல்தெஷாத்சார் என்பது பாபிலோனியத் தெய்வத்தின் பெயரை ஒட்டியது. ராஜாவாகிய நேபுகாத்நேச்சாரே நாலாம் அதிகாரத்தில் அதைச் சொல்கிறான். அதைச் சுமந்துகொண்டு அரமனையில் நடமாடினான் தானியேல். ராஜாவின் போஜனத்தை மட்டும் தொடவில்லை. விக்கிரகத்துக்குப் படைத்ததா, மோசேயின் கட்டளைப்படி விலக்கப்பட்ட மாம்சமா, ராஜாவின் தயவில் வாழ்கிறோம் என்று ஒப்புக்கொள்வதாகிவிடுமா? தீட்டு என்று மட்டும் வேதம் சொல்கிறது, எப்படித் தீட்டு என்று விவரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கோடு கிழிக்காமல், ஒரு இடத்தில் கிழித்தான். அதையும் சண்டை போட்டுக் கிழிக்கவில்லை. தலைவனிடத்தில் வேண்டிக்கொண்டான், பத்து நாள் சோதித்துப் பாரும் என்றான்.

அதைத்தான் பிள்ளைகளிடம் சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டினாள். எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது: தானியேல் பந்தியை மறுத்தான். இயேசுவோ எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்தார்.

மார்ச் 9, திங்கள்

"இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்." லூக்கா 15:2. முறுமுறுத்தவர்கள் சொன்ன வார்த்தை இது. அவர்கள் சொன்னதிலேயே உண்மையானது இதுதான்.

மார்ச் 11, புதன்

ராத்திரி தூக்கம் வராமல் 1 கொரிந்தியர் 5 எடுத்தேன். எடுத்திருக்கவே வேண்டாமோ என்று தோன்றியது.

சபைக்கு வெளியே விபசாரத்தில் இருக்கிறவர்களைப் பற்றிப் பவுலுக்குக் குழப்பமே இல்லை. அவர்களோடு கலக்கவே கூடாது என்றால் நீங்கள் உலகத்தைவிட்டே போக வேண்டியிருக்குமே என்கிறார். அடுத்த வசனத்தில்தான் கத்தி இருக்கிறது: "சகோதரனென்னப்பட்ட ஒருவன்" அப்படி நடந்தால், "அப்படிப்பட்டவனுடனேகூடப் புசிக்கவுங்கூடாது."

அவள் ஞானஸ்நானம் எடுத்தவள். நானே வெள்ளை உடை தைத்துக் கொடுத்தேன். தண்ணீரிலிருந்து எழுந்து வந்தபோது முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. ஒதுக்கிவிட்டுக்கொண்டே சிரித்தாள்.

அப்படியானால் கணக்கு இப்படி வருகிறது. 'நான் இப்போது விசுவாசி இல்லை' என்று அவள் சொல்லிவிட்டால், அவள் வீட்டில் நான் தாராளமாகச் சாப்பிடலாம். 'நான் கிறிஸ்தவள்தான்' என்று சொன்னால் கூடாது. அவள் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று நான் விரும்ப வேண்டுமா? எந்தத் தாய் இப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்?

மார்ச் 12, வியாழன்

அவர் இன்றும் எதுவும் பேசவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் யாரோ வீட்டுப் பெண்ணின் கதையை அலசினார்கள். நம் வீட்டுக் கதை இன்னும் அங்கே போகவில்லை. போகும்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. விபசாரக்காரனைச் சொல்லுகிற அதே வசனத்தில், அதே மூச்சில், பொருளாசைக்காரனும் உதாசினனும் வெறியனும் இருக்கிறார்கள். வரதட்சணை பேசி வாங்கினவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், காணிக்கைப் பை அவர் கையில்தான் போகிறது. நாக்கால் ஒருவரையும் விட்டுவைக்காதவர் அன்றைக்கு ஜெபத்தை முடித்துவைத்தார். அவர்களோடு யாரும் பந்தியை விலக்கியதாக நான் பார்க்கவில்லை. உலகம் மாறிவிட்டது, மாறிவிட்டது என்று புலம்புகிறோம். நமக்குச் சௌகரியமான இடங்களில் உலகத்தோடு நாம் எப்போதோ ஒத்துப்போய்விட்டோம். வெளியே இருக்கிற பிள்ளைகளுக்கு இது தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது.

இதனால் என் மகள் செய்வது சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. இரண்டுமே தப்பு. ஒன்றை மட்டும் தப்பு என்று சொல்கிற வாயை அவள் ஏன் நம்ப வேண்டும்?

மார்ச் 15, ஞாயிறு

கடைசியில் அவர் வாய் திறந்தார். "மூப்பர் பொறுப்பிலிருந்து விலகிக்கிறேன்." தீத்து 1:6-ஐத் திறந்து எனக்கு முன்னால் வைத்தார். மூப்பன் விசுவாசமுள்ள பிள்ளைகளை உடையவனாயிருக்க வேண்டும்.

ஆசாரியனாகிய ஏலியைப் பற்றி அவர் சொல்லவில்லை, ஆனால் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார். பிள்ளைகளை அடக்காமல் போனதற்காக ஏலியின் வீட்டுக்குத் தீர்ப்பு வந்தது. நான் சாமுவேலை ஞாபகப்படுத்தினேன். அந்தத் தீர்ப்பை ராத்திரியில் காதால் கேட்ட சிறுவன் சாமுவேல். அவனே கிழவனானபோது அவனுடைய குமாரர் யோவேலும் அபியாவும் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். அதற்காக ஏலியைக் கடிந்துகொண்டதுபோல் சாமுவேலைக் கர்த்தர் கடிந்துகொண்டதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. நம் வீட்டுக் கூரைக்கு அடியில் இருந்தவரை அவளை நடத்தினோம். இப்போது அவள் தன் சம்பாத்தியத்தில் நிற்கிற மனுஷி.

"நீ வக்கீல் மாதிரி பேசுற" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. நான் அதற்கப்புறம் பேசவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

எங்கேயோ பார்த்தேன். இரண்டாம் நூற்றாண்டில் தியொக்னேத்து என்பவருக்கு, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு கடிதம். கிறிஸ்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விளக்குகிறது. அவர்கள் எல்லாரையும் போல மணமுடிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் பிறந்த குழந்தையை வெளியே எறிவதில்லை. பந்தியைப் பகிர்ந்துகொள்கிறார்கள், படுக்கையைப் பகிர்ந்துகொள்வதில்லை.

ரோமர்களின் கலாசாரத்தில் இந்த இரண்டுமே விநோதமாகத் தெரிந்திருக்கும், முந்தினதும் பிந்தினதும். நம்முடையது பெரும்பான்மையின் ஒழுக்கமாக இருந்த காலம்தான் விதிவிலக்கு போலிருக்கிறது. அதை இழந்துவிட்டோம் என்று அழுதுகொண்டிருக்கிறோம். ஆதி சபை அதை அனுபவித்ததே இல்லை.

மார்ச் 18, புதன்

கேட்டுவிட்டேன். போனில்தான். "நீ இன்னும் விசுவாசிக்கிறியாம்மா?"

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அப்புறம், "தெரியலம்மா. ராத்திரி படுக்கும்போது ஜெபம் பண்றேன். யார்கிட்டன்னு கேட்டா சொல்லத் தெரியல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள்: "நீங்க சொல்றதை நான் ஒத்துக்கல. ஆனா நீங்க அதை நம்புறீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க நம்பாத மாதிரி நடிச்சா எனக்குப் பிடிக்காது."

மார்ச் 19, வியாழன்

"யார்கிட்டன்னு கேட்டா சொல்லத் தெரியல."

மார்ச் 22, ஞாயிறு

இயேசு பிதாவுக்குச் சமமான தேவன் என்று அறிக்கையிட்ட நிசேயா சங்கத்தைப் பற்றிப் போதகர் பிரசங்கித்தார். கி.பி. 325. அந்த அறிக்கைக்காக நின்ற பேராயர் அத்தனாசியு ஐந்து தடவை நாடுகடத்தப்பட்டு ஏறத்தாழ பதினேழு வருஷம் வெளியே கிடந்தார். 373-ல் இறந்தார். அவர் எதற்காகப் போராடினாரோ அதைக் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் உறுதிப்படுத்தியது 381-ல். பலனைப் பார்க்காமலே போய்விட்டார். உலகமே எதிர்த்தாலும் நிற்க வேண்டும் என்று போதகர் முடித்தார். ஆமென் சத்தம் பலமாக இருந்தது.

நானும் ஆமென் என்றேன், மனதார. ஆனால் அத்தனாசியு எதிர்த்து நின்றது பேரரசர்களை. காய்ச்சல் வந்த ராத்திரிகளில் தோளில் போட்டுக்கொண்டு நடந்த பிள்ளைக்கு எதிராக எப்படி நிற்பது என்று எனக்கு யாராவது பிரசங்கித்தால் தேவலை.

ஆராதனைக்குப் பிறகு போதகரிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு என் பெரியவன் வயதுதான் இருக்கும். உடனே வசனம் எடுக்கவில்லை, அதற்காகவே அவரை மதிக்கிறேன். "கொரிந்து சபையில தகப்பனோட மனைவியை வெச்சிருந்த அந்த மனுஷன் செய்றதைப் பத்திச் சபையே பெருமைப்பட்டுக்கிட்டு இருந்துது. நீங்க பெருமைப்படல, துக்கப்படுறீங்க. அவளும் சபையில வந்து நான் செய்றது சரின்னு நிக்கல. முதல்ல தேடிப் போங்க, அக்கா. மூப்பர் விஷயத்தை நாம எல்லாரும் சேர்ந்து ஜெபிச்சுப் பேசுவோம்" என்றார்.

மார்ச் 23, திங்கள்

அவர் விலகல் கடிதத்தை எழுதி மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். தீத்துவில் இல்லை. பார்த்தேன். விலகிப்போன பிள்ளையைக் கைவிட மனமில்லாமல் தேவன் உருகுகிற ஓசியாவில் வைத்திருக்கிறார்.

மார்ச் 24, செவ்வாய்

பதில் அனுப்பினேன். எழுதி எழுதி அழித்து, கடைசியில் இப்படி:

"சனிக்கிழமை வருகிறோம். நீ வாழ்கிற விதம் சரி என்று நான் நினைக்கவில்லை, அது உனக்கே தெரியும். மேசையில் அதைப் பற்றிப் பேச வரவில்லை. நீ கேட்டால் பேசுவேன், நடிக்க மாட்டேன். சாப்பிடுமுன் அப்பா ஜெபம் பண்ணுவார். ராத்திரி தங்க மாட்டோம்."

அனுப்பின பிறகு கடுமையாக இருக்கிறதோ என்று வயிற்றைப் பிசைந்தது. அரைமணி நேரத்தில் பதில் வந்தது: "சரிம்மா. அவனுக்கும் படிச்சுக் காட்டினேன். ஜெபத்துல அவன் பேரையும் சொல்ல முடியுமான்னு கேக்கிறான்."

மார்ச் 25, புதன்

அவரிடம் காட்டினேன். திரும்பத் திரும்பப் படித்தார். "அந்தப் பையனோட முழுப் பேர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்க வேண்டும்.