பார்க்கலாங்க சார்

திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரியாத விஷயம், 'பார்க்கலாங்க' என்றால் பெரும்பாலும் முடியாது என்று அர்த்தம். மீட்டிங்கில் அப்படிச் சொன்ன அத்தனை பேரும் ஒத்துக்கொண்டதாக நினைத்து, எல்லாரும் சரி சொல்லிட்டாங்க என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அது டி-ஷர்ட் ஏற்றுமதி செய்யும் கம்பெனி. தையல் பல வருஷமாக ஒரு கான்ட்ராக்டர் கையில் இருந்தது. பீஸ் ரேட் பேசுவது, ஆட்களைக் கூட்டி வருவது, சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். டெலிவரி தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததால் இனி கம்பெனியே நேரடியாகத் தையல் லைன் ஓட்டும் என்று முடிவு செய்து, படித்த பையன் என்று என்னை எடுத்தார்கள். அந்தக் கான்ட்ராக்டருக்கு ஃப்ளோர் இன்சார்ஜ் என்று ஒரு பெயர் மட்டும் கொடுத்தார்கள்.

நான் ஸ்டாப்வாட்சோடு நின்று நேரம் எடுத்தேன். ஓவர்லாக் தையல் மெஷினில் கழுத்துக்கு ரிப் பட்டி ஏற்ற அரை நிமிஷம், மணிக்கு 120, அதில் அறுபது சதவீதம் நடந்தால் போதும் என்று வைத்தால் 72. மெஷினுக்கு மெஷின் ஒரு சின்ன போர்டு மாட்டி, மணிக்கொரு தரம் எண்ணி எழுதச் சொன்னேன். எழுதினார்கள். ஆனால் எல்லார் போர்டிலும் 48, 50, 49 தான். கண்ணை மூடிக்கொண்டு 80 போடக்கூடிய ஆளின் போர்டிலும் 50.

காரணம் ஒரு நாள் நாலரை மணி வாக்கில் கண்ணில் பட்டது. மூன்றாவது மெஷினில் இருந்த அக்காவுக்குச் சாயங்காலம் ஆனால் கண் சரியாகத் தெரியாது, ஊசியில் நூல் கோக்கவே திணறுவார். பக்கத்து மெஷின் பெண் தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டி, அக்கா கூடையிலிருந்து ஒரு பண்டிலை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். தைத்து முடித்ததும் அதே கூடையில் திரும்பப் போய்விட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை வருஷமாக இப்படி நடக்கிறதோ!

கல்லூரியில் படித்ததுதான் அப்போது ஞாபகம் வந்தது. சிகாகோ பக்கம் ஹாத்தார்ன் ஆலையில் 1931, 32-ல் பதினாலு ஆட்களைத் தனி அறையில் வைத்து மாதக்கணக்கில் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே ஓர் அளவு வைத்துக்கொண்டு அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள், அதிகம் செய்பவன் தோளில் ஒரு குத்து விழும், கூடாது என்று விதி இருந்தும் ஒருத்தர் வேலைக்கு இன்னொருத்தர் கை கொடுத்தார்கள். பரீட்சைக்கு இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். என் கண் முன்னால் அதுவே நடந்தபோது சோம்பேறித்தனம் என்று ரிப்போர்ட் போட்டேன், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

அப்புறம் டீ. பதினொரு மணிக்கு கெட்டில் வரும்போது முதல் கிளாஸ் எனக்கு வராது, முதலாளி நின்றால் அவருக்கும் வராது, அந்தப் பழைய கான்ட்ராக்டருக்குத்தான் போகும். பெல் அடித்தாலும் அவர் எழுந்த பிறகுதான் மெஷின்கள் நிற்கும். இதைத் தினமும் பார்த்தும், ஃப்ளோரை நடத்துவது நான்தான் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வழியாக அவரோடு வெளியே டீக்கடைக்குப் போனேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போர்டு வச்சா அந்தம்மா ரெண்டு வாரத்துல வீட்டுக்குப் போயிரும்னு எல்லாத்துக்கும் தெரியும் தம்பி. உங்களுக்குத்தானுங்க தெரியல" என்றார். கொஞ்சம் கழித்து, கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "சனிக்கிழமை கை சும்மா இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான். சம்பளம் ஆபீஸில் கவர் போட்டு வர ஆரம்பித்த நாளிலிருந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலாளியிடம் நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. தனித்தனி போர்டுகளைக் கழற்றிவிட்டு எல்லா மெஷினுக்கும் சேர்த்து ஒரே போர்டு வைத்தோம். கணக்கு ஆபீஸில் போட்டாலும் கவரை அவர் கையால் கொடுக்கச் சொன்னோம். எண்ணிக்கை உடனே ஏறவில்லை, இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் அதற்கு முன்பே, ஒரு திங்கட்கிழமை காலையில் மூன்றாவது மெஷின் அக்கா என்னைக் கூப்பிட்டு, "லாரி எப்பங்க சார், எத்தன பீஸு குறையுது?" என்று கேட்டார். அந்த ஃப்ளோரில் ஒருத்தர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.