நாலாவது முறை நீலம் ஏறியது

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணிக்குத் தவலைக்குள்ளிருந்து எடுத்த காடாத் துண்டு பச்சையாக வந்தது. வாழைக்குருத்துப் பச்சை. மொட்டைமாடிக் காற்றில் விரித்துப் பிடித்தேன். ஓரத்தில் தொடங்கி உள்ளே உள்ளே போய், இரண்டு நிமிடத்துக்குள் முழுத் துண்டும் நீலமாகிவிட்டது. மூன்று மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். கீழே ஓடிப்போய் வீட்டில் எல்லோரையும் மாடிக்கு இழுத்து வந்து, இன்னொரு துண்டை நனைத்துக் காட்டினேன்.

அவுரிச் செடியின் நீலத்தில் துணிக்குச் சாயம் ஏற்றுவதில் இது என் நாலாவது முயற்சி. முதல் தடவை வாங்கியதே தவறான பொருள். மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி என்று கேட்டால் கொடுப்பது காய்ந்த இலைப் பொடி. தலைமுடிக்கு மருதாணியோடு சேர்த்துப் போடுவது. முடிக்கு அது நன்றாகவே பிடிக்கும். துணி முக்கும் சாயத் தொட்டிக்கு வேண்டியது இலையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் காற்று ஏற்றி, அடியில் படிவதைக் காயவைத்த நீலக்கட்டி. இரண்டும் ஒரே செடியில் இருந்து வந்தாலும் சரக்கு வேறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடையில் "கட்டியா, இலையா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

தொட்டிக்கு அளவு, இந்தச் சாயம் போடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்) மூன்று பங்கு. பிரான்ஸைச் சேர்ந்த இயற்கைச் சாய நிபுணர் மிஷேல் கார்சியா பரப்பிய முறை. நான் 50 கிராம் நீலம், 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, பத்து லிட்டர் எவர்சில்வர் தவலை என்று வைத்துக்கொண்டேன். அளவில் நான் தவறவில்லை. சர்க்கரையிலும் சூட்டிலும்தான் மூன்று மாதம் போனது.

இரண்டாவது முயற்சியில் சீனி போட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் கருநீலமாக அப்படியே கிடந்தது. பிறகு படித்ததும்தான் விளங்கியது. நீலம் தண்ணீரில் கரையாது. அதிலிருக்கும் ஆக்சிஜனின் பிடியைத் தளர்த்தி அதை மஞ்சள் பச்சையாகக் கரையவைக்க ஓர் ஒடுக்கி வேண்டும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அந்த வேலையைச் செய்யும். சீனி முழுக்க சுக்ரோஸ், அது செய்யாது. வெல்லத்தில் கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பிரிந்து கிடப்பதால் ஓரளவு நடக்கும். மூன்றாவது முறை வெல்லத்தில் போட்டேன். வானநீலம் வந்தது, ஆனால் இரண்டு அலசலில் பாதி போய்விட்டது. துணியில் ஏறவில்லை, மேலே ஒட்டியிருந்திருக்கிறது.

இந்த முறை வாழைப்பழம். தோல் கறுத்துத் தொட்டாலே பிதுங்கும் பூவன் இரண்டு கிலோ. சந்தை முடிகிற நேரத்தில் போனால் கேட்ட விலைக்குத் தருவார்கள். வெட்டித் தோலோடு கொதிக்கவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நன்றாகப் பழுத்த பழத்தில் மாவு பெரும்பாலும் சர்க்கரையாகிவிடுகிறது. காயாக இருந்தால் கஞ்சிதான் மிஞ்சும்.

நீலத்தை நனைக்கும் விஷயத்தில் யாரும் அவசரப்படக் கூடாது. பொடியை அப்படியே தண்ணீரில் கொட்டினால் மேலே மிதந்து கட்டி கட்டியாக நிற்கும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் ஏழெட்டுக் கோலிக்குண்டு, நீலம், கொஞ்சம் வெந்நீர். மூடி இறுக்கிப் பத்து நிமிடம் குலுக்கினேன். மசி போல ஆனது. இதைச் செய்யாமல் விட்டால் சரக்கில் பாதி அடியில் வண்டலாகவே தங்கிவிடும்.

இனி சூடு. என் தொட்டியைக் காப்பாற்றியது இதுதான். முன்பு மூன்று தடவையும் வெந்நீர் ஊற்றிக் கலக்கி, மூடிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவேன். ஒரு மணி நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியிருக்கும். சர்க்கரை வேலை செய்ய 50 டிகிரி வாக்கில் சூடு நிற்க வேண்டும், அதுவும் மணிக்கணக்கில். இந்த முறை தவலைக்குள் வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டேன். காலை பதினொரு மணிக்கு 52. ஒரு மணிக்கு 44. உடனே சிறு தீயில் ஏற்றி மறுபடி 50. பிறகு பழைய கம்பளியைச் சுற்றி, சுற்றிலும் வைக்கோல் திணித்து, வெயில் படும் சுவர் ஓரமாக வைத்தேன். மூன்று மணிக்குப் பார்க்கும்போது 47. வைக்கோல் செய்த வேலையை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கலக்குவதிலும் பக்குவம் இருக்கிறது. தயிர் கடைவது போல அடித்தால் காற்று புகுந்து, அதுவரை ஒடுங்கிய நீலம் மறுபடி பழைய நிலைக்கே போய்விடும். நீளக் கரண்டியை அடிவரை விட்டு, ஒரே திசையில் மெதுவாகச் சுற்றி, கடைசியில் ஓரத்தை ஒட்டி எடுக்க வேண்டும். அப்போது நுரை நடுவில் கூடி நிற்கும். கருநீலத்தில் செம்பு மினுமினுப்போடு ஒரு பூ. சுற்றிலும் செம்புத் தகடு போல ஏடு படரும். அந்தப் பூவைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆனால் பூவை மட்டும் நம்பித் துணியைப் போடாதீர்கள். ஒரு மணி நேரம் தெளியவிட்டு, ஏட்டை ஒதுக்கி, கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மோந்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நல்லெண்ணெய் நிறத்தில் தெளிவாக இருந்தால் தொட்டி தயார். நீலம் கலங்கியிருந்தால் இன்னும் ஒடுங்கவில்லை. பால் போல இருந்தால் சுண்ணாம்பு அடங்கவில்லை. மூன்றாவது தடவை இந்த டம்ளர் சோதனையைச் செய்திருந்தால் இரண்டு கஜம் மல் துணி மிஞ்சியிருக்கும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 11 காட்டியது, அதுவும் சரி.

முக்குவதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. அடியில் கிடக்கும் சுண்ணாம்பு வண்டலில் துணி பட்டால் திட்டுத் திட்டாகிவிடும். அதனால் காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து உள்ளே இறக்கிவிட்டேன். துணியை முன்பே வாஷிங் சோடாவில் கொதிக்கவைத்துக் கஞ்சியைப் போக்கி, ஈரமாகவே போட வேண்டும். நீண்ட நேரம் ஒரே முறை ஊறவைப்பதைவிட, ஐந்து நிமிடம் முக்கிப் பதினைந்து நிமிடம் காற்றில் விடுவதை ஆறேழு தடவை செய்தால் நீலம் ஆழமாகிறது. வெளியே எடுக்கும்போது தண்ணீர் மட்டத்திலேயே பிழிந்துவிடுங்கள். சொட்டும் ஒவ்வொரு துளியும் காற்றை உள்ளே கொண்டுபோகும். கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர். இந்த முறை மூன்று அலசலுக்கும் தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே போனது.

சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது வாங்கியது திண்டிவனம் பக்கத்து அவுரியில் எடுத்த கட்டி. நகத்தால் கீறினால் செம்பு போல மின்னுகிறது, கையில் லேசாக இருக்கிறது. முந்தைய கட்டியை வேறு ஒருவரிடம் தபாலில் வாங்கினேன். கீறினால் சாம்பல் நிறம், கரைத்தால் அடியில் மண். இயற்கை நீலம் என்று எழுதிவைத்து மண்ணை விற்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அவுரிச் சாகுபடியே சரிந்துபோனது. இன்றும் சிலர் விடாமல் பயிரிட்டு, ஊறப்போட்டு, அடித்து எடுக்கிறார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிற வேலை இது.

அடுத்து இரண்டு திட்டம். ஒன்று, தகரை விதைத் தொட்டி. தகரை விதையை வேகவைத்துச் சேர்த்துப் புளிக்கவிடும் பழைய தென்னாட்டு முறை. அங்கே ஒடுக்குகிற வேலையைப் பாக்டீரியாக்கள் செய்கின்றன. நாள் பிடிக்கும், நாற்றமும் உண்டு. விதை அரைக் கிலோ வாங்கி வைத்துவிட்டேன். இன்னொன்று, பூந்தொட்டியில் அவுரியே வளர்ப்பது. விதைத் தோல் கெட்டி என்பதால் வெந்நீரில் ஓர் இரவு ஊறப்போட்டேன். பதினொன்று முளைத்திருக்கிறது. பூக்கும் முன் இலை பறிக்க வேண்டும்.

அதற்கு முன் இப்போதைய தொட்டியையே முடிக்க வேண்டும். சுங்குடி போல நாலு முழ வேட்டி ஒன்றில் நூல் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை 212 முடிச்சு ஆகியிருக்கிறது, இன்னும் ஓர் ஓரம் முழுக்கப் பாக்கி. கட்டைவிரல் நகம் தேய்ந்துவிட்டது. தொட்டி இன்று காலை கொஞ்சம் பச்சை மங்கித் தெரிந்தது. ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பும் அரை டம்ளர் பழச்சாறும் சேர்த்து, 50-க்குச் சூடேற்றி, வைக்கோலுக்குள் திரும்ப வைத்திருக்கிறேன். சாயங்காலம் டம்ளரில் மோந்து பார்க்க வேண்டும்.