லேயில் முதல் இரண்டு நாள்

லடாக் போகிறோம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "லேயில் எத்தனை நாள் சும்மா இருக்கப் போறீங்க?" என்றுதான். உயரத்துக்கு உடம்பு பழகுவதற்குள் சுற்றக் கிளம்பினால் மலை நோய் வரலாம். பாங்கோங் ஏரி, கர்துங் லா கணவாய், நூப்ரா மணல்மேடு எல்லாம் அப்புறம்.

டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லே. டெல்லி கடல் மட்டத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடற்கரையில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் லேயில் 500க்குப் பக்கம். நம் ஊரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். விடுதி அறையில் பையைத் திறந்தபோது, அம்மா சீல் வைத்துக் கொண்டுவந்த முறுக்குப் பாக்கெட் தெறித்துவிடும் போல உப்பியிருந்தது. தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் அங்கே குக்கர் இல்லாமல் சோறு வேகாது.

என் தம்பி தினமும் விடிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடுகிறவன். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. எங்கள் கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். இறங்கிய அன்றைக்கே தம்பி சாந்தி ஸ்தூபியின் படிகளை ஏறிவிட்டு வந்தான். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, நெற்றி தெறிக்கிறது என்றான். "ஒண்ணும் இல்லக்கா, பிரயாணக் களைப்பு." நள்ளிரவில் வாந்தி. அதைவிட என்னைப் பதற வைத்தது அவன் தூங்கிய விதம். மூச்சு வேகமாகப் போகும், மெல்ல மெல்லக் குறையும், பிறகு அப்படியே நின்றுவிடும். நான் எழுந்து அவன் மார்பில் கை வைப்பதற்குள் பெரிதாக ஒரு மூச்சு இழுத்து மறுபடி ஆரம்பிக்கும். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 79. அம்மாவுக்கு 88, நிம்மதியான தூக்கம்.

காலையில் விடுதி நடத்தும் அமா-லே (வயதான பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்) தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே மகனிடம் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். அரசு மருத்துவமனையில் டாக்டர் முதலில் அவனை நடக்கச் சொன்னார். ஒரு காலின் விரல்நுனியில் மறுகாலின் குதிகாலை ஒட்டி வைத்து, தரையில் ஓடும் கோட்டின் மேல் நேராக. தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமலில் ரோஸ் நிற நுரை வந்தால், நுரையீரலில் நீர். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே உடனே கீழே இறக்க வேண்டும். தம்பி தள்ளாடாமல் நடந்தான். சாதாரண மலை நோய்தான். கொஞ்ச நேரம் ஆக்சிஜன், தலைவலி மாத்திரை, அசெட்டசோலமைடு, படுக்கை. "தலைவலி முழுசா போகாம இதுக்கு மேல ஒரு அடிகூட ஏறக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த மூச்சு நிற்பதற்கும் காரணம் சொன்னார். ஆக்சிஜன் போதாமல் நாம் வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுகிறது. ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. உடனே மூளை, மூச்சைக் குறை என்கிறது. தூக்கத்தில் இந்த இழுபறி அப்படியே வெளியே தெரிகிறது. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றி ரத்தத்தைச் சரிசெய்ய நாள் பிடிக்கும். அசெட்டசோலமைடு மாத்திரை அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. அடிக்கடி சிறுநீர் போவதும் விரல்நுனி மரத்து ஊசி குத்துவதும் அதனால்தான். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடுவதெல்லாம் வாரக்கணக்கு. ஒரு வாரச் சுற்றுலாவுக்கு அது உதவாது.

உடல் தேர்ச்சிக்கும் மலை நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பது நம் ராணுவம் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம். 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து வீரர்களைச் சடசடவென்று இமயமலை உயரங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 1,925 வீரர்களைக் கவனித்து 1969இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இந்தத் துறையில் எடுத்துப் பேசப்படுகிறது. இளைஞர்கள், கடும் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கே வந்தது. எவ்வளவு வேகமாக ஏறுகிறோம், எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு. கூடவே பிறவி வாகும் உண்டு, அதை முன்கூட்டி அறிய முடியாது.

நம் ஊர்ப் பெரியவர்கள் முக்திநாத்துக்கும் கயிலாயத்துக்கும் கைக்குட்டையில் கற்பூரம் முடிந்து எடுத்துப் போகிறார்கள். அம்மாவும் வைத்திருந்தார். மோந்தால் மூக்கு திறந்த மாதிரி இதமாக இருக்கும், ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. அதை நம்பித் தலைவலியோடு மேலே ஏறுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே தடுமாறும் மூச்சை அவை இன்னும் அமுக்கும்.

தம்பிக்குத் தலைவலி விட்டு, பசி திரும்பிய பிறகுதான் கிளம்பினோம். முதலில் நூப்ரா. வழியில் கர்துங் லா 5,359 மீட்டர். இறங்கி ஒரு படம், உடனே வண்டிக்குள். இரவு தங்கும் ஹுண்டர் கிராமமோ லேயைவிடத் தாழ்வு, சுமார் 3,100 மீட்டர். நன்றாகத் தூங்கினோம். அங்கிருந்து ஷியோக் ஆற்றோரமாகவே பாங்கோங் போய்த் தங்குவதுதான் பெரும்பாலான பேக்கேஜ்களில் இருக்கும். ஏரிக்கரை 4,200 மீட்டருக்கு மேல். 3,000 மீட்டரைத் தாண்டினால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறி அங்கே தூங்க எங்களுக்கு மனசு வரவில்லை. லேக்குத் திரும்பி, இன்னொரு நாள் விடிகாலையில் புறப்பட்டு, சாங் லா வழியாகப் பாங்கோங் போய், ஏரியைப் பார்த்துவிட்டு இரவுக்குள் லே வந்து சேர்ந்தோம். அலைச்சல்தான். ஆனால் யாருக்கும் தலை வலிக்கவில்லை. ஏரிக்கரைக் கூடாரத்தில் தங்கி நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், டிக்கெட் போடும்போதே லேயில் இரண்டு இரவு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.