ஒரே துண்டு

போன ஆகஸ்டில், மியான்மரின் யாங்கோனில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கோவில் மண்டபத்துத் தமிழ் வகுப்புக்கு ஒரு பையன் கண் சிவந்து பீளை தள்ளிய முகத்தோடு வந்தான். அடுத்த ஞாயிறு ஒன்பது பிள்ளைகளுக்குக் கண்வலி. அதற்கு அடுத்த வாரம் எனக்கும் வந்துவிட்டது.

"அவன் கண்ணைப் பார்க்காதீங்க, ஒட்டிக்கும்" என்று பெரியவர்கள் பிள்ளைகளை விரட்டினார்கள். பார்ப்பதால் கண்வலி ஒட்டாது. கண்ணைக் கசக்கிய கை எதைத் தொடுகிறதோ அதில் கிருமி இருக்கும், அடுத்தவர் அதைத் தொட்டுவிட்டுத் தன் கண்ணில் கை வைத்தால் போதும். அப்படி எல்லோரும் தொடுவது எது என்று யோசித்துக்கொண்டே கை கழுவும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆணியில் ஒரு துண்டு தொங்கியது. முப்பது பிள்ளைகளுக்கும் அது ஒன்றுதான், மழைக்காலம் என்பதால் காயவே இல்லை, நடுவில் தனக்கா, அதாவது இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து, மஞ்சளாக அப்பியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவு என்று சொல்லிச் சொல்லி, கழுவிய கையையும் முகத்தையும் அந்தத் துண்டில்தான் துடைக்க விட்டிருக்கிறோம். அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை.

இப்போது துண்டு கிடையாது. ஆளுக்கொரு கைக்குட்டை, சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டையில் ஊக்கு குத்தி. கைக்குட்டை கொண்டுவராதவர்கள் கையை உதறிக் காயவிடுவார்கள். சோப்பு கீழே விழுந்து மண்ணாகிக்கொண்டே இருந்ததால், வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டிவிட்டோம், பையோடு சேர்த்துத் தேய்த்தாலே நுரை வந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் தேய்ப்பது? 20 விநாடி என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது. அ முதல் ஃ வரை நிதானமாக இரண்டு தடவை சொல்லச் சொன்னேன், தமிழும் ஆச்சு. விரல் இடுக்கு, கட்டைவிரல், நக இடுக்கு, இவைதான் விட்டுப்போகிற இடங்கள். கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு நகத்தை ஒட்ட வெட்டுவது ரொம்ப முக்கியம், கீரிப்பூச்சி முட்டை நக இடுக்கில்தான் ஒளிந்திருக்கும்.

2020-க்குப் பிறகு சானிடைசர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கையில் மண்ணோ எண்ணெயோ இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்கும் அது அவ்வளவாக எடுபடாது. அதற்குச் சோப்பும் தண்ணீரும்தான்.

அப்புறம் தண்ணீர்ப் பானை. இங்கே தெருவுக்குத் தெரு புண்ணியத்துக்கு வைத்திருப்பார்களே, அதே மாதிரிதான் வகுப்பிலும், பானைமேல் ஒரே ஒரு குவளை. ஒருவர் வாய் வைத்ததை அப்படியே பானைக்குள் முக்கி அடுத்தவர் மொள்ளுவார். நம் பாட்டிமார் எச்சில் படாமல் அண்ணாந்து குடி என்று அதட்டியது எவ்வளவு நல்ல பழக்கம்! ஆனால் ஆறு வயசுப் பிள்ளை அண்ணாந்து குடித்தால் சட்டை நனையும், புரையேறும். அதனால் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாட்டில், பானைக்கு நீளப் பிடி வைத்த அகப்பை.

கை கழுவத் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மில் இன்னொரு வம்பு இருக்கிறது. மூடாமல் விட்டால் டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும், அதுவும் பகலில் கடிக்கிற கொசு, பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாசக்கணக்கில் கிடக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்க்கிறோம்.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது வருகைப் பரிசு. ஒரு நாள்கூட விடாமல் வந்த பிள்ளைக்கு வருஷக் கடைசியில் பரிசு என்று நாங்களே வைத்திருந்தோம். காய்ச்சலோடு வந்த ஒரு சின்னப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டேன். "லீவு போட்டா பரிசு போயிடும்னு அழுவுறா டீச்சர்" என்றார். பரிசை எடுத்துவிட்டோம். மருந்தில்லாமல் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வரலாம், வாந்தியும் பேதியும் நின்று 2 நாள் ஆகவேண்டும், இதுதான் இப்போது எங்கள் கணக்கு. அந்தப் பெண் ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். விட்டுப்போன பாடத்தை நோட்டில் எழுதி அவள் அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன்.