பாதம் கழுவிய இரவு

பைபிளில் யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் ஒரு விஷயம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. இயேசு பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். அங்கே யூதாசும் இருக்கிறான். தன்னைக் காட்டிக்கொடுக்கப் போவது அவன்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவனை ஒதுக்கவில்லை.

நம்மை மதிப்பவர்கள் முன்னால் பணிந்து நடப்பது பெரிய காரியம் இல்லை. நமக்கு எதிராகப் பேசித் திரிகிறவருக்கு, அது தெரிந்தும், மனக்கசப்பில்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க முடியுமா? எனக்கு இந்தப் பாடம் கடினமாவது அங்கேதான்.

இன்னொரு நற்செய்தியை எழுதிய லூக்கா இன்னொன்றும் சொல்கிறார். அதே பந்தியில்தான், தங்களில் யார் பெரியவன் என்று சீடர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது! நான் உங்கள் நடுவில் பணிவிடை செய்கிறவனாக இருக்கிறேன் என்றார் இயேசு.

அப்புறம் சீடர்களில் ஒருவரான பேதுரு. காலைக் கழுவவே விடமாட்டேன் என்றார். மரியாதையில் சொன்னதுதான். ஆனால் ஒருவர் செய்வதை ஏற்றுக்கொள்ளவும் தாழ்மை வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு, கொடுப்பதைவிட இது கஷ்டம்.

2013-இல் போப் பிரான்சிஸ், இந்தப் பந்தியை நினைவுகூரும் பெரிய வியாழன் அன்று ரோமில் உள்ள காசல் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போய் 12 பேரின் பாதங்களைக் கழுவி முத்தமிட்டார். அதில் இரண்டு பெண்கள், இஸ்லாமியரும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த, அந்த நாளின் பாதம் கழுவும் சடங்கின் விதி 2016-இல் மாறி, பெண்களுக்கும் இடம் கிடைத்தது. அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.