லாந்தர் விளக்கின் மண்ணெண்ணெய்

ஆடிப் பதினெட்டன்று பவானிசாகர் அணையின் மேல் நடந்து பார்க்கப் பொதுமக்களை விடுவது அந்நாளில் வழக்கம். மற்ற நாட்களில் கீழே பூங்காவோடு சரி. 1986இல் நான் பத்தாம் வகுப்பு. அந்த அணையின் மேல் நடந்தே தீருவது என்று நாங்கள் மூன்று பேர் கோபிசெட்டிபாளையத்திலிருந்து சைக்கிளில் கிளம்பினோம். மற்ற இருவரில் ஒருவன் நம்பியூரான், இன்னொருவன் சிறுவலூரான். விடுதியில் ஊர்ப்பெயர்தான் எல்லோருக்கும் பெயர். இருவரும் இதைப் படிப்பார்கள் என்பதால் அப்படியே எழுதுகிறேன். சத்தியமங்கலம் வழியாகப் போக ஏறத்தாழ 40 கிலோமீட்டர், திரும்பி வர அதே 40.

முந்தின இரவு அப்பாவின் கறுப்பு சைக்கிளைத் துடைத்து, செயினை இறுக்கி, காற்றடித்து வைத்தேன். மிதிக்காதபோதும் பின்சக்கரத்தை ஓடவிடும் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்கும் எண்ணெய் விட்டுவிடலாம் என்று தோன்றியது. வீட்டில் இருந்தது விளக்கெண்ணெய். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாரவண்டிக்கே அது போதும் என்றால் சைக்கிளுக்கு என்ன குறை என்று தாராளமாக ஊற்றினேன்.

போகும்போது எதிர்க்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் புகும் ஆடிக் காற்றை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாலையோரத்துச் செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தினாலும் வண்டி நின்றுவிடும். மிதித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

அணையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1948இல் தொடங்கி 1955இல் முடித்த மண் அணை, 105 அடி நீர்மட்டம் என்று பாடத்தில் படித்தது, அதன் மேல் நின்று மோயாறும் பவானியும் கலந்து கிடக்கும் நீரைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மண் சுமந்தவர்களில் தன் பாட்டியும் ஒருத்தி என்று நம்பியூரான் சொன்னான். கட்டுச்சோற்றை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம்.

திரும்பும்போது காற்று முதுகில். காலை அசைக்காமலேயே வண்டி ஓடியது. சத்தியமங்கலத்துக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கும்போது ஒரு சிறு மேடு வந்தது. அழுத்தி மிதித்தேன், பெடல் வெறுமனே சுற்றியது. செயின் ஓடுகிறது, பல்சக்கரம் சுற்றுகிறது, பின்சக்கரம் மட்டும் அசையவில்லை.

எங்களிடம் ஒரு ஸ்பேனர், பம்பு, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ரப்பர் துண்டு எல்லாம் இருந்தன. எதற்கும் பயனில்லை. செயினைக் கழற்றி மாட்டினோம். சக்கர அச்சின் கோனை இறுக்கிப் பார்த்தோம். வழியில் இருந்த ஒரே சைக்கிள் கடை ஆடிப்பெருக்கு நோன்பென்று பூட்டிக் கிடந்தது. சிறுவலூரான் தன் சைக்கிளில் வந்தபடியே என் முதுகில் கை வைத்துத் தள்ளினான். அரை மைல் போவதற்குள் இருவரும் விழுந்தோம். அதன் பின் நான் தள்ளிக்கொண்டே நடந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. அமாவாசை நெருங்கிய நேரம், நிலவும் கிடையாது.

கிளுவை வேலிக்கு உட்புறம் ஒரு தோட்டத்துக் குடிசையில், எங்கள் பக்கத்தில் சாளை என்போம், விளக்கு தெரிந்தது. ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருந்த பெரியவர் லாந்தரோடு வேலி ஓரம் வந்தார்.

“என்ன கண்ணு, நடையா?”

“மிதித்தால் ஓட மாட்டேன் என்கிறதுங்க அப்புச்சி.”

அவர் எதையும் தொடவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, கையால் முன்னோக்கிச் சுழற்றிவிட்டு, குனிந்து காதை வைத்தார். “சத்தமே இல்லை பார்” என்றார். அப்போதுதான் கவனித்தேன். மிதிக்காமல் சக்கரம் சுழன்றால் எப்போதும் கேட்கும் டிக் டிக் ஒலி இல்லை. அன்று மாலை முழுவதும் அந்த ஒலி இல்லாமல்தான் வந்திருக்கிறேன்.

“என்ன எண்ணெய் விட்டாய்?”

சொன்னேன். அவர் திட்டவில்லை. “அது வண்டி அச்சுக்குக் கண்ணு. இதற்குள்ளே நாக்கு மாதிரி இரண்டு துண்டு, மயிரிழை மாதிரிக் கம்பிதான் அதைத் தூக்கிவிடும். புழுதியும் சேர்ந்து பசையாகிவிட்டது. படுத்த நாக்கு எழவில்லை.”

பின்னாளில் இயந்திரப் பொறியியல் படித்தபோது அதன் முழுக் காரணமும் விளங்கியது. எதிர்க்காற்றில் விடாமல் மிதித்தவரை அந்த நாக்குகள் பற்களைக் கவ்வியபடியே இருந்தன. காற்று முதுகுக்கு வந்து நான் மிதிப்பதை நிறுத்திய பிறகுதான் ஒவ்வொரு பல்லும் அவற்றை அமுக்கியது. அமுங்கியவை பசையில் ஒட்டிக்கொண்டன.

சைக்கிளை, செயின் மேலே இருக்கும்படி, இடப்பக்கமாகப் படுக்க வைத்தார். மண்ணெண்ணெய் வேண்டும். சாளையில் இருந்த புட்டி காலி. சற்றும் யோசிக்காமல் லாந்தரை அணைத்து, ஆறும்வரை காத்திருந்து, அடித்தொட்டியின் மூடியைத் திருகித் திறந்தார். நம்பியூரான் தன் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுழற்ற, டைனமோ விளக்கின் நடுங்கும் வெளிச்சத்தில், ஃப்ரீவீலின் நடு வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையே நூலளவு தெரிந்த இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றச் சொன்னார். ஸ்பேனர் பிடியால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினார். அடியில் ஸ்போக்ஸ் கம்பி வழியாகக் கருஞ்சிவப்பாக ஒழுகியது. மறுபடி விட்டார், மறுபடி சுழற்றினேன். மூன்றாவது முறை ஒரு டிக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு விடாமல் டிக் டிக் டிக்.

ஒழுகுவது தெளிந்து வரும்வரை அவர் விடவில்லை. லாந்தரைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துவிட்டார்.

“உள்ளே இப்போது வறட்சியாக இருக்கிறது. ஊருக்குப் போனதும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடு. இரண்டே சொட்டு.”

“விளக்குக்கு என்னங்க அப்புச்சி செய்வீர்கள்?”

“ஆட்டுக்கு என் குரல் தெரியும். போங்கள், நேரமாகிறது.”

கோபிவரை வழியெல்லாம் அடிக்கடி மிதிப்பதை நிறுத்திக் கேட்டுக்கொண்டே வந்தேன். விடுதிக் கதவு சாத்தியிருந்தது. வாங்கிய திட்டு இப்போது நினைவில் இல்லை. அவர் இருட்டில் பட்டிப்பக்கம் திரும்பி நடந்தது மட்டும் நினைவிருக்கிறது. நான் இன்று பிழைப்பது இயந்திரங்களோடுதான். பழுது என்று யார் அழைத்தாலும் முதலில் கருவிப்பெட்டியைத் திறக்காமல் காதைக் கொடுக்கிறேன் என்றால் அது அவரிடம் கற்றது. அவர் பெயரைக் கேட்காமல் வந்தது இன்றும் எனக்கு வருத்தம்.

இரண்டு வாரம் கழித்து, வீட்டு ரேஷன் மண்ணெண்ணெயில் ஒரு புட்டி நிரப்பிக்கொண்டு நான் மட்டும் போனேன். வேலிப்படலைத் திறந்து வந்த அப்புச்சி என்னைப் பார்த்ததும் பேசவில்லை. நேராகச் சைக்கிளிடம் போய்ப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, குனிந்து, அது நிற்கும்வரை கேட்டார். அதன் பிறகே புட்டியைக் கையில் வாங்கினார்.