கிண்டி கெடைக்கலைன்னா அடுத்து என்ன?

எங்க மதுரை செல்லூர் அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் கட்-ஆஃப் 192. கணக்குல 98, பிசிக்ஸ் 96, கெமிஸ்ட்ரி 92 (கணக்கு முழுசா, மத்த ரெண்டும் பாதி பாதியா எடுப்பாங்க). பிள்ளை ஆசைப்பட்டது கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ். வந்தது திருப்பரங்குன்றம் தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ்ல ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல்). அன்னைக்கு வீடே எழவு விழுந்த வீடு மாதிரி ஆயிருச்சு.

எனக்கு கோவம் வந்தது அதுக்கப்புறம்தான். ஒரு ஏஜென்ட் போன் பண்ணி, "அக்கா, சென்னைல மேனேஜ்மென்ட் சீட்டு ஒன்னே ஒன்னுதான் இருக்கு, சாயங்காலத்துக்குள்ள டோக்கன் போட்டுருங்க"ன்றான், அக்கா நகையை எடுத்து மேசை மேல வச்சுருச்சு. அழுதுக்கிட்டு இருக்குற வீட்டுல எந்த முடிவும் எடுக்காதீங்க, தயவுசெஞ்சு.

முதல்ல இன்ஜினியரிங் கவுன்சிலிங்கை ஒழுங்கா பயன்படுத்துங்க. வந்த சீட்டை வச்சுக்கிட்டே மேல போகக் காத்திருக்கலாம், அதான் அக்செப்ட் அண்ட் அப்வர்ட். நீங்க குடுத்த சாய்ஸ் லிஸ்ட்ல இப்ப கெடைச்சதுக்கு மேல இருக்குறதுல காலி விழுந்தா மட்டும்தான் மாறும், மாறிட்டா பழைய சீட்டு கையில இருக்காது, அதனால லிஸ்ட்டை மனசார விரும்புற வரிசைல போடணும். கெடு தேதிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணலைன்னா உள்ளதும் போச்சு. நம்ம பிள்ளை தியாகராஜர்லயே இசிஇ-யை (எலக்ட்ரானிக்ஸ்) மேல போட்டுருந்துச்சு, அதனால அப்வர்ட் குடுத்தோம்.

"மாமா, ஒரு வருசம் டிராப் பண்ணட்டா?"ன்னு கேட்டுச்சு. இந்தக் கவுன்சிலிங்குக்காக டிராப் பண்றதுல அர்த்தமே இல்லை, பிளஸ் டூ மார்க் அப்படியேதான இருக்கும்? ஜேஇஇ, நீட் மாதிரி பரீட்சை திரும்ப எழுதணும்னா அது வேற கதை. அதையும் பிள்ளைதான் முடிவு பண்ணணும், சொந்தக்காரங்க இல்லை.

இன்னொன்னு, தியாகராஜர் ஒன்னும் சும்மா காலேஜ் இல்லப்பா. 1957ல ஆரம்பிச்சது, அரசு உதவி பெறுறது. வீட்டுல இருந்தே பஸ்ல போயிட்டு வரலாம், ஹாஸ்டல் காசு மிச்சம். கம்ப்யூட்டர்தான் உசுருன்னா ஐஐடி மெட்ராஸ் 2021ல இருந்து டேட்டா சயின்ஸ் பிஎஸ் டிகிரி ஆன்லைன்ல நடத்துறாங்க, அதுக்கு ஜேஇஇ வேணாம், அவங்களே சில வாரம் பாடம் நடத்தி தகுதித் தேர்வு வைப்பாங்க. காலேஜ் படிச்சுக்கிட்டே அதையும் படிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. சும்மா சேர்ந்துட்டு விட்டுறக் கூடாது, வாராவாரம் அசைன்மென்ட் உண்டு.

இன்ஜினியரிங்கே வேணாம்னு தோணுனா கோரிப்பாளையம் அமெரிக்கன் காலேஜ் இருக்கு, பொம்பளப் பிள்ளைகளுக்கு லேடி டோக், பாத்திமா இருக்கு. கணக்கோ பிசிக்ஸோ பிஎஸ்சி முடிச்சுட்டு ஜாம்ங்கிற (JAM) நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடில எம்எஸ்சி போகலாம், இல்ல எம்சிஏ பண்ணலாம். ஒத்தக்கடை விவசாயக் கல்லூரிக்கு வேளாண் பல்கலைக்கழகக் கவுன்சிலிங் தனி, அதுக்கு தனியா அப்ளை பண்ணிருக்கணும். இதை நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

கிண்டிதான் வேணும்னா அந்தக் கதவும் மூடலை. பிஇ முடிச்சு கேட்ங்கிற (GATE) நுழைவுத் தேர்வு எழுதி அங்கேயே எம்இ சேரலாம், நல்ல ஸ்கோர் வந்தா ஐஐடியே போகலாம். இதை நான் சொன்னப்பதான் பிள்ளை தலையைத் தூக்கி, "கேட் எப்ப மாமா எழுதலாம்?"ன்னுச்சு. மூணாம் வருசத்துலயே எழுதலாம்னு சொன்னேன். அக்கா நகையை எடுத்து பீரோவுல வச்சுருச்சு, ஏஜென்ட் நம்பரை பிளாக் பண்ணியாச்சு.